லுவா: வளர்ந்தும் தேய்ந்தும் ஒரு கணினி மொழி

போர்த்துகீசிய மொழியில் 'சோல்' என்றால் சூரியன். 'லுவா' என்றால் நிலா. பிரேசில் நாட்டில் ஒரு எண்ணெய் நிறுவனத்துக்காக முதலில் சோல் என்று ஒரு குட்டிக் கணினி மொழியை எழுதினார்கள். அதை எழுதி முடித்தார்கள், ஆனால் வாடிக்கையாளர் கையில் கொடுக்கவே இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்றை எழுதினார்கள். சூரியனுக்கு அடுத்து வந்ததால் அதற்கு நிலா என்று பெயர் வைக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அந்தப் பெயரே நின்றுவிட்டது. (இது எந்தச் சொற்றொடரின் சுருக்கமும் இல்லை. ஆங்கிலத்தில் மூன்று எழுத்துகளையும் பெரிய எழுத்தாக எழுதினால் அதை உருவாக்கியவர்கள் பொறுமையாகத் திருத்துவார்கள்!)

லுவாவின் பெயரையே கேள்விப்படாதவர்கள்கூட அதைப் பயன்படுத்தியிருப்பார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் திரையை ஆட்டக்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்வது லுவாவில்தான். ஆங்ரி பேர்ட்ஸ் பறவைகளைப் பறக்கவிட்டதிலும் அதற்குப் பங்கு உண்டு. அடோபி லைட்ரூம், வயர்ஷார்க், ரெடிஸ் என்று பட்டியல் நீளும். விக்கிப்பீடியா 2013ல் தன் வார்ப்புருக்களுக்காக லுவாவைக் கொண்டு வந்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திறந்தால் வலப்பக்கம் தெரியும் தகவற்பெட்டிக்குப் பின்னாலும் பெரும்பாலும் சில வரி லுவா ஓடிக்கொண்டிருக்கும்.

இத்தனை இடங்களில் இருக்கும் மொழி என்றால் அதன் வரலாறு எதையாவது சேர்த்துக்கொண்டே போன வரலாறாக இருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். லுவாவின் கதை அப்படி இல்லை. முப்பது வருடங்களுக்கு மேலாக, கிட்டத்தட்ட ஒவ்வொரு பதிப்பிலும் எதையாவது தூக்கி எறிந்திருக்கிறார்கள். எறிந்தது சில சமயம் நல்லதாகவும், சில சமயம் அதை நம்பி ஆயிரக்கணக்கான வரிகள் எழுதியவர்களுக்குப் பெரிய தலைவலியாகவும் முடிந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் பிரேசில். 1977 முதல் 1992 வரை அந்த நாட்டில் வெளிநாட்டுக் கணினிகளுக்கும் மென்பொருளுக்கும் கடுமையான இறக்குமதித் தடைகள் இருந்தன. 'நம் ஊர்ச் சந்தை நம் ஊர்க்காரர்களுக்கே' என்ற கொள்கை. இதனால் ஒரு பெரிய நிறுவனத்துக்குத் தனக்கென்று ஏதாவது மென்பொருள் வேண்டுமென்றால் அமெரிக்காவில் போய் வாங்கி வருவது லேசான காரியம் இல்லை. உள்ளூரிலேயே யாரையாவது பிடித்து எழுதவைக்க வேண்டும். ரியோ டி ஜெனீரோவில் இருக்கும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1987ல் டெக்கிராஃப் என்ற கணினி வரைகலை ஆய்வுக்குழு தொடங்கப்பட்டது. அதன் முக்கியமான வாடிக்கையாளர் பெட்ரோப்ராஸ், அதாவது பிரேசிலின் அரசு எண்ணெய் நிறுவனம்.

பெட்ரோப்ராஸின் பொறியாளர்கள் கணினியில் பலவிதமான கணக்கீடுகளை ஓட்டுவார்கள். அதற்கு முதலில் எண்களை வரிசையாக உள்ளிட வேண்டும். ஒரு எண் தப்பினாலும் கணக்கு கோவிந்தா. இந்த உள்ளீட்டுப் படிவங்களை விவரிப்பதற்காக டெக்கிராஃபில் 'டெல்' என்று ஒரு சின்ன மொழியைச் செய்தார்கள். அதே சமயம் இன்னொரு குழு, எண்ணெய்க் கிணறு தோண்டும்போது கிடைக்கும் பாறை அடுக்குகளின் விவரங்களைப் படமாக அச்சிட்டுத் தரும் ஒரு மென்பொருளைச் செய்துகொண்டிருந்தது. எந்தப் பத்தி எங்கே வரவேண்டும், எந்த நிறத்தில் வரவேண்டும் என்பதைப் பயனரே முடிவு செய்ய வேண்டும். அதற்காகத்தான் சோல்.

இரண்டுமே வெறும் விவரங்களை எழுதி வைக்கும் மொழிகள். நிரல் எழுதும் மொழிகள் என்று சொல்ல முடியாது. ஆனால் பயனர்கள் சும்மா இருப்பார்களா? 'இந்த எண் அந்த எண்ணைவிடப் பெரியதாக இருந்தால் மட்டும் இந்தக் கட்டத்தைக் காட்ட வேண்டும்' என்று ஆரம்பித்தார்கள். பிறகு சுழற்சி வேண்டும், பிறகு சார்புகள் வேண்டும் என்று கேட்டார்கள். 1993ன் நடுவில் ரொபேர்ட்டோ இயருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலெஸ் என்ற மூன்று பேர் உட்கார்ந்து பேசினார்கள். டெல், சோல் இரண்டையும் விட்டுவிட்டு உண்மையான நிரலாக்க மொழி ஒன்றைச் செய்துவிடலாம் என்று முடிவானது.

ஏற்கெனவே இருக்கும் மொழி ஒன்றை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்ற கேள்வி வரும். அப்போது டிசிஎல் இருந்தது. ஆனால் அது யூனிக்ஸில்தான் ஓடும், அதன் எழுத்துமுறையும் விசித்திரமானது. லிஸ்ப், ஸ்கீம் இரண்டிலும் அடைப்புக்குறிகளைப் பார்த்தாலே பொறியாளர்கள் ஓடிவிடுவார்கள். பைத்தான் அப்போது தவழும் குழந்தை. பெட்ரோப்ராஸில் இருந்ததோ கதம்பமான கணினிகள். எல்லாவற்றிலும் ஓட வேண்டுமென்றால் சாதாரண சி மொழியில், எந்தக் கணினிக்கும் உரிய தனி வசதிகளைத் தொடாமல் எழுத வேண்டும். இன்று வரை லுவா எந்தப் பொடிச் சாதனத்திலும் ஓடுவதற்கு விதை அன்று அங்கே போடப்பட்டது.

1993 ஜூலையில் லுவா 1.0 ஓடிக்கொண்டிருந்தது. வெளியுலகத்துக்கு அது வரவில்லை. அதில் தகவலைத் தொகுத்து வைக்க ஒரே ஒரு கட்டமைப்புதான் இருந்தது. அதற்கு 'டேபிள்' என்று பெயர். பட்டியல் வேண்டுமா, அகராதி மாதிரி பெயருக்கு எதிரே மதிப்பு வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அந்த டேபிளே. இன்றைக்கும் அப்படித்தான். பல மொழிகள் பத்துப் பன்னிரண்டு விதமான தொகுப்புகளை வைத்துக்கொண்டு திண்டாடும்போது லுவா ஒரே பாத்திரத்தில் குழம்பும் ரசமும் வைத்துப் பரிமாறிக்கொண்டிருக்கிறது.

1994 ஜூலையில் 1.1 பொதுவெளிக்கு வந்தது. அதன் லைசென்ஸ் இப்படி: கல்விக்கு இலவசம், வியாபாரத்துக்கு என்றால் எங்களிடம் பேசுங்கள். ஒருவரும் பேச வரவில்லை! டிசிஎல், பெர்ல் எல்லாம் சும்மாவே கிடைக்கும்போது யார் வருவார்கள்? பல்கலைக்கழகங்களில் இருந்தவர்கள்கூட 'நாளைக்கு இதை விற்க வேண்டி வந்தால்?' என்று தயங்கினார்கள். 1995 பிப்ரவரியில் வந்த 2.1ல் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். லுவா முழுக்க இலவசமானது. மொழியில் இருந்து தூக்கி எறிந்தவற்றிலேயே மிகவும் லாபமானது இந்த லைசென்ஸாகத்தான் இருக்கும்.

லுவாவின் வரலாற்றில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் 2.1ல் வந்த 'ஃபால்பேக்' என்ற யோசனையைப் பார்க்க வேண்டும். ஒரு நிரலில் இரண்டு டேபிள்களைக் கூட்டச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்களைக் கூட்டலாம், டேபிள்களை எப்படிக் கூட்டுவது? பிழை என்று சொல்லி நிறுத்திவிடுவதுதான் வழக்கம். லுவா அதற்குப் பதிலாக, 'எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்தால் நீ சொல்' என்று நிரலாளர் எழுதி வைத்த ஒரு சார்பைக் கூப்பிட்டது. டேபிளில் இல்லாத ஒரு பெயரைத் தேடும்போதும் இதே கதைதான். தேடியது இல்லையென்றால் வேறொரு டேபிளில் போய்த் தேடு என்று அந்தச் சார்பில் எழுதிவிட்டால் போதும், பொருள்நோக்கு நிரலாக்கத்தின் மரபுரிமை கிடைத்துவிடும். வகுப்பு என்று தனியாக ஒன்றையும் மொழியில் சேர்க்கவில்லை. சேர்க்காமலே அதைச் செய்துகொள்ள வழி விட்டார்கள்.

யோசனை அருமை. செய்த விதத்தில் ஓட்டை இருந்தது. நிரல் முழுவதற்கும் ஒரு நிகழ்வுக்கு ஒரே ஒரு ஃபால்பேக்தான். ஒருவர் எழுதிய தொகுப்பு கூட்டலுக்கு ஒரு ஃபால்பேக் வைத்திருக்கும். இன்னொருவர் எழுதியதும் வைத்திருக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் மாமியார் மருமகள் சண்டைதான். 1997 ஜூலையில் வந்த 3.0ல் ஃபால்பேக்கை எடுத்துவிட்டு 'டேக் மெத்தட்' கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு வகை டேபிளுக்கும் ஒரு எண் முத்திரை, அந்த முத்திரைக்கென்று தனியான சார்புகள். சண்டை ஓய்ந்தது. ஆனால் அந்த எண்களை யார் கட்டி மேய்ப்பது? 2003 ஏப்ரலில் வந்த 5.0ல் அதையும் எடுத்தார்கள். எண்ணுக்குப் பதிலாக இன்னொரு டேபிளையே முத்திரையாக ஒட்டிவிட்டார்கள். இதற்குப் பெயர் 'மெட்டாடேபிள்'. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே வீட்டில் இருந்த பாத்திரத்தையே எடுத்தார்கள். அன்று முதல் இன்று வரை அதன் அடிப்படை மாறவில்லை.

எட்டு வருடம், மூன்று முயற்சி, ஒரே யோசனை. ஒவ்வொரு முறையும் பழையதை நம்பி எழுதியவர்கள் திருத்தி எழுத வேண்டியிருந்தது. அப்போது பயனர் கூட்டம் சின்னது, அதனால் யாரும் பெரிதாகக் கூச்சல் போடவில்லை. பெரிய கூட்டம் இருந்திருந்தால் முதல் ஓட்டையோடே மொழி நின்றுபோயிருக்கும் என்று தோன்றுகிறது. பல மொழிகளுக்கு அதுதான் நடந்திருக்கிறது.

கூட்டம் எப்படிச் சேர்ந்தது என்பது தனிக் கதை. 1996ல் இந்த மூவரும் சாஃப்ட்வேர் பிராக்டிஸ் அண்ட் எக்ஸ்பீரியன்ஸ் என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதே வருடம் டிசம்பரில் டாக்டர் டாப்ஸ் ஜர்னலில் இன்னொன்று. முதலாவது ஆராய்ச்சியாளர்களுக்கு, இரண்டாவது வேலை பார்க்கும் நிரலாளர்களுக்கு. இரண்டாவதை லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் கிரிம் ஃபாண்டாங்கோ என்ற விளையாட்டின் தலைமை நிரலாளராக இருந்த பிரெட் மொகிலெஃப்ஸ்கி படித்தார். 1997 தொடக்கத்தில் பிரேசிலுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தங்கள் பழைய விளையாட்டு மொழியான 'ஸ்கம்'மைத் தூக்கிவிட்டு லுவாவைப் போடப்போவதாக அதில் எழுதியிருந்தார். குரங்குத் தீவு விளையாட்டுகளை ஆடியவர்களுக்கு ஸ்கம் என்றால் என்னவென்று தெரியும். அந்த மொழியின் இடத்தில் லுவா என்றால் சும்மாவா!

கிரிம் ஃபாண்டாங்கோ 1998ல் வெளிவந்தது. விளையாட்டு நிரலாளர்கள் ஒருவர் சொல்லி ஒருவர் லுவாவை எடுக்க ஆரம்பித்தார்கள். அடுத்து 2000ல் வந்த எஸ்கேப் ஃப்ரம் மங்கி ஐலண்டும் லுவாவில்தான் ஓடியது. அந்த விளையாட்டுக்குள் 'லுவா பார்' என்று ஒரு மதுக்கூடமே உண்டு. எண்ணெய்க் கிணற்றுக்காகப் பிறந்த மொழி விளையாட்டுகளுக்கு ஏன் இவ்வளவு பொருந்தியது? காரணம் எளிது. இரண்டு இடத்திலும் பெரிய வேலையைச் சி மொழி செய்கிறது. அடிக்கடி மாறும் பகுதியை நிரலாளர் அல்லாத ஒருவர் எழுத வேண்டியிருக்கிறது. அங்கே பாறை நிபுணர், இங்கே விளையாட்டின் கதையை எழுதுபவர். இருவருக்கும் வேண்டியது சின்னதாக, வேகமாக, பயமுறுத்தாத ஒன்று.

1998 ஜூலையில் வந்த 3.1ல் பெயரில்லாச் சார்புகள் வந்தன. ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பை எழுதலாம். ஆனால் உள்ளே இருப்பது வெளியே இருக்கும் மாறியை அப்படியே தொட முடியாது. மாறியின் பெயருக்கு முன்னால் % குறியைப் போட்டால், உள் சார்பு பிறந்த நொடியில் அந்த மாறிக்கு என்ன மதிப்போ அதன் நகல் மட்டும் கிடைக்கும். பிறகு வெளியே மாறினால் உள்ளே தெரியாது. அரைக்கிணறு தாண்டிய கதைதான். முழுதாகச் செய்தால் மொழி மெதுவாகிவிடும், அந்த வசதி தேவைப்படாதவர்களும் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற பயம். செலவில்லாமல் செய்ய ஒரு வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் 5.0ல் முழு வசதியும் வந்தது. % குறிக்கு வேலை போனது. ஆனால் வீணாகவில்லை. 2006ல் வந்த 5.1ல் அதே குறியை எடுத்து, வகுத்தால் வரும் மீதியைக் காண்பதற்கு வைத்துக்கொண்டார்கள்.

இடையில் 2000 நவம்பரில் 4.0 வந்தது. சி மொழியில் இருந்து லுவாவைக் கூப்பிடும் முறையை முழுக்க மாற்றி எழுதினார்கள். ஒரே நிரலுக்குள் பல லுவாக்களைத் தனித்தனியாக ஓட்ட முடிந்தது. எல்லோரும் நச்சரித்துக்கொண்டிருந்த 'ஃபார்' சுழற்சியும் இதில்தான் வந்தது. ஆமாம், ஏழு வருடமாக அந்த மொழியில் ஃபார் இல்லை. 'வைல்' இருக்கிறதே, அது போதாதா என்று இருந்துவிட்டார்கள்.

இவ்வளவு தாமதம் ஏன் என்பதற்கு அவர்கள் முடிவெடுக்கும் முறையைப் பார்க்க வேண்டும். லுவா இலவச மென்பொருள். அதன் மூலநிரலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம். ஆனால் மொழிக்குள் எது வர வேண்டும் என்பதில் யாருக்கும் ஓட்டு கிடையாது. 1997 முதல் மின்னஞ்சல் குழு இருக்கிறது, அங்கே எல்லோரும் பேசலாம், வாதாடலாம், நிரலையே எழுதிக் காட்டலாம். அதைப் பார்த்து, யோசித்து, தாங்களே புதிதாக எழுதுவார்கள். மூவரும் ஒப்புக்கொண்டால்தான் ஒன்று உள்ளே வரும். ஒருவர் தலையை ஆட்டாவிட்டாலும் வராது. இன்று சேர்க்காததை நாளை சேர்த்துக்கொள்ளலாம், இன்று சேர்த்ததை நாளை எடுப்பது கஷ்டம் என்பது அவர்கள் கணக்கு. (எடுப்பது கஷ்டம் என்று சொல்லிக்கொண்டே இத்தனை எடுத்திருக்கிறார்கள் என்றால், கஷ்டம் என்று நினைக்காத பட்சத்தில் என்ன செய்திருப்பார்களோ!)

5.0 முதலில் 4.1 என்றுதான் திட்டமிடப்பட்டது. மாற்றங்கள் குவிந்துபோனதால் எண்ணையே மாற்ற வேண்டியதாயிற்று. மெட்டாடேபிள், முழுமையான சார்புகள், உண்மை-பொய் மதிப்புகள், எம்.ஐ.டி. லைசென்ஸ் எல்லாம் இதில்தான். உள்ளே நிரலை ஓட்டும் மெய்நிகர் எந்திரத்தையும் புதிதாக எழுதினார்கள். அடுக்கில் போட்டு எடுக்கும் பழைய முறைக்குப் பதிலாகப் பதிவகங்களை வைத்து ஓடும் முறை. பரவலாகப் பயன்பட்ட மொழிகளில் அப்படிச் செய்தது லுவாதான் முதலில்.

இன்னொரு வரவு 'கோரூட்டின்'. விளையாட்டில் பத்துப் பாத்திரங்கள் ஒரே சமயத்தில் நடமாட வேண்டும். ஒவ்வொன்றும் தன் கதையைத் தானே ஓட்ட வேண்டும். இதற்காக கிரிம் ஃபாண்டாங்கோ குழு தங்கள் லுவாவுக்குள் கைவைத்து, வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் வசதியைத் தாங்களே சேர்த்துக்கொண்டிருந்தது. மற்ற மொழிகளில் இருப்பது போன்ற 'திரெட்' வேண்டும் என்று பலர் கேட்டார்கள். பிரேசில்காரர்கள் மறுத்தார்கள். அ = அ + 1 என்ற வரிக்கே என்ன விடை வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் சரியான நிரலை யார் எழுத முடியும் என்பது அவர்கள் வாதம். கோரூட்டினில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். அது தானாக 'நான் கொஞ்சம் ஓய்வெடுக்கிறேன், நீ ஓடு' என்று விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு முறை வரும். மற்ற பல மொழிகள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க இன்னும் சில வருடங்கள் ஆயின.

2006 பிப்ரவரியில் 5.1. குப்பை சேகரிப்பை மொத்தமாக ஒரே மூச்சில் செய்யாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும் முறை வந்தது. விளையாட்டு நடுவில் திடீரென்று ஒரு நொடி உறைந்து நிற்காது என்பதால் விளையாட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். தொகுப்புகளை எழுத ஒரு ஒழுங்கான முறையும் வந்தது. 2007ல் அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் நடந்த நிரலாக்க மொழிகளின் வரலாறு பற்றிய மாநாட்டில் லுவாவின் கதையை மூவரும் எழுதி வாசித்தார்கள். வளரும் நாடு ஒன்றில் பிறந்து உலகம் முழுக்கப் போன மொழி வேறு எது என்று யோசித்தால் சட்டென்று ஒரு பெயரும் வராது.

சிக்கலும் இங்கேதான் தொடங்கியது. 5.1 எல்லோருக்கும் பிடித்துப்போனது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 5.1க்கு மாறி அங்கேயே நின்றது. 2006ல் வெளிவந்த ரோப்லாக்ஸ் 5.1ஐ எடுத்துக்கொண்டது. ரெடிஸ் எடுத்தது 5.1. விக்கிப்பீடியா எடுத்ததும் 5.1. எல்லாவற்றுக்கும் மேலாக மைக் பால் என்ற ஒற்றை ஆள் எழுதிய லுவாஜிட். 2005ல் தொடங்கிய இந்த முயற்சி லுவா நிரலை ஓடும்போதே எந்திர மொழிக்கு மாற்றி, சாதாரண லுவாவைவிடப் பல மடங்கு வேகமாக ஓட வைத்தது. அதுவும் 5.1க்காக எழுதப்பட்டதுதான்.

2011 டிசம்பரில் 5.2 வந்தது. மூவரும் எப்போதும் செய்வதைத்தான் செய்தார்கள். சார்புகளின் சூழலை மாற்றும் பழைய முறையை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்கள். 5.1ல் ஆசையாகக் கொண்டு வந்த 'மாட்யூல்' சார்பு, கேட்காமலே உலகளாவிய மாறிகளை உருவாக்கிக் குழப்புகிறது என்று தெரிந்ததும் அதைக் கைவிடச் சொன்னார்கள். அடிக்கடி பயன்படும் 'அன்பேக்' சார்பை ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்கு மாற்றினார்கள். 'கோட்டூ' என்ற, எல்லாப் பாடப்புத்தகமும் திட்டும் கட்டளையைச் சேர்த்தார்கள். சுழற்சியின் நடுவில் இருந்து அடுத்த சுற்றுக்குத் தாவ லுவாவில் தனிக் கட்டளை கிடையாது என்பதால் அதற்கு இது பயன்படும்.

இந்த முறை உலகம் பின்னால் வரவில்லை. லுவாஜிட் 5.2ல் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய நிரல்களை உடைக்கும் மாற்றங்களை ஏற்க மறுத்தது. வேகத்துக்காக அதை நம்பியவர்கள் எல்லோரும் அதனோடே நின்றார்கள். தொகுப்பு எழுதுபவர்கள் பாடு திண்டாட்டம். ஒரே நிரலை 5.1க்கும் 5.2க்கும் லுவாஜிட்டுக்கும் சேர்த்து எழுத வேண்டும். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் 'இது இருந்தால் இது, இல்லாவிட்டால் அது' என்று நாலு வரி. பெர்ல், பைத்தான் உலகங்களிலும் இப்படிப் பிளவு வந்திருக்கிறது. ஆனால் லுவா தனியாக நிற்கும் மொழி இல்லை, இன்னொரு மென்பொருளின் வயிற்றுக்குள் இருப்பது. விளையாட்டு நிறுவனம் ஒரு பதிப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் ஆட்டக்காரர்கள் எழுதிய அத்தனை நிரல்களும் அந்தப் பதிப்போடு கட்டுண்டவை. எண்ணை மாற்றினால் அத்தனையும் உடையும். அதனால் மாற்றுவதில்லை.

2015 ஜனவரியில் வந்த 5.3 இன்னும் ஆழமான இடத்தில் கைவைத்தது. அதுவரை லுவாவில் எண் என்றால் ஒரே வகைதான், தசம எண். அதில் 9,007,199,254,740,992 வரைதான் முழு எண்களைத் தவறில்லாமல் எண்ண முடியும். அதைத் தாண்டினால் அடுத்தடுத்த எண்கள் ஒன்றாகிவிடும். பாறை நிபுணருக்கு அது போதும். 64 பிட் அடையாள எண்களைக் கையாளும் இன்றைய மென்பொருளுக்குப் போதாது. எனவே 5.3ல் முழு எண் என்று தனி வகை வந்தது. விளைவு: 10ஐ 2ஆல் வகுத்தால் 5.1 '5' என்று எழுதும். 5.3 '5.0' என்று எழுதும். ஒரு புள்ளியும் ஒரு சுழியும்தானே என்று நினைக்கலாம். அந்த விடையைக் கோப்பில் எழுதி இன்னொரு நிரலுக்கு அனுப்புபவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். பிட்டுகளைக் கையாள 5.2ல் கொண்டு வந்த தனித் தொகுப்பு, 5.3ல் அதற்கென்று குறிகளே வந்துவிட்டதால் தேவையற்றதாகி, 5.4ல் காணாமலே போனது.

2020 ஜூனில் 5.4. இதில் வந்த, இளைய பொருள்களை முதலில் சோதிக்கும் குப்பை சேகரிப்பு முறைக்கு ஒரு முன்கதை உண்டு. 5.2ல் அதைச் சோதனைக்காக வைத்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை, 5.3ல் எடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்து திரும்ப யோசித்து 5.4ல் மறுபடியும் கொண்டு வந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் மொழியின் மொத்த மூலநிரல் சுமார் 30,000 வரிகள்தான். சுருக்கி வைத்தால் ஒரு பழைய ஃபிளாப்பியில் கொள்ளும்.

இதற்கிடையில் ரோப்லாக்ஸ் பொறுமை இழந்து தன் வழியில் போய்விட்டது. 5.1ஐ அடிப்படையாக வைத்து, மாறிகளுக்கு வகை குறிக்கும் வசதியெல்லாம் சேர்த்து 'லுவாவ்' என்று தனி மொழியாக்கி 2021ல் அதன் மூலநிரலை வெளியிட்டது. நியோவிம் என்ற உரைதிருத்தியும் லுவாஜிட்டை நம்பியிருப்பதால் 5.1ஐயே தன் நிரந்தர மொழியாக வைத்துக்கொண்டது. இன்று லுவா எழுதும் சிறுவர்களில் மிகப் பலர் எழுதுவது ரியோவில் பராமரிக்கப்படும் லுவாவை இல்லை. அதன் 2006ஆம் வருடத்துப் புகைப்படத்தில் இருந்து கிளைத்த ஒன்றைத்தான்.

ரியோவில் யாரும் அவசரப்படவில்லை. பதிப்புகளின் இடைவெளி மட்டும் கூடியிருக்கிறது. தொண்ணூறுகளில் வருடத்துக்கு ஒன்று, பிறகு ஐந்து வருடத்துக்கு ஒன்று. 2025 டிசம்பரில் 5.5 வந்தது. லுவாவைப் பற்றிய மிகப் பழைய புகார் ஒன்றுக்கு அதில் பதில் இருக்கிறது. 1993ல் இருந்தே லுவாவில் ஒரு மாறியை அறிவிக்காமல் பயன்படுத்தினால் அது உலகளாவிய மாறியாகிவிடும். பெயரில் ஒரு எழுத்து தப்பினாலும் மொழி வாயைத் திறக்காது, சத்தமில்லாமல் புது மாறி ஒன்று பிறந்துவிடும். நாலு வரிப் படிவம் எழுதும் பொறியாளருக்கு அது வசதி. நாலாயிரம் வரி எழுதுபவருக்கு ராத்திரித் தூக்கம் போகும். 5.5ல் உலகளாவிய மாறிகளையும் அறிவித்துவிட்டு, அறிவிக்காதவற்றைப் பிழை என்று சொல்லவைக்கலாம். அறிவிப்பு எதுவும் எழுதாத பழைய நிரல்கள் இந்த விஷயத்தில் முன்பு போலவே ஓடும். இந்த ஒரு முறை பழையதைத் தூக்கி எறியாமல் பக்கத்திலேயே விட்டு வைத்திருக்கிறார்கள்.